தையல் புண்ணும் மாசிக்காயின் துவர்ப்பும்

மதுரை கீழமாசி வீதியின் நாட்டு மருந்துக் கடையில் பிள்ளை பெற்றவளுக்கென்று வாங்கும் சரக்குகளில் மாசிக்காயும் ஒன்று. கையில் எடுத்தால் கோலிக்குண்டு அளவில், மேலெல்லாம் சிறு முண்டுகளோடு, கல்லைப் போல இறுகியிருக்கும். பெயரில்தான் காய். துருக்கி, ஈரான் பக்கத்து ஓக் மரக்கிளையில் சிறு குளவியொன்று முட்டையிட, அதைச் சுற்றி மரத்தின் திசு வீங்கித் திரண்ட முடிச்சு அது. சிலவற்றில் தெரியும் துளை, உள்ளே வளர்ந்த குளவி வெளியேறிய வழி. துளையில்லாததையே பார்த்து வாங்குவார்கள். குளவி வெளியேறுமுன் பறித்ததில்தான் துவர்ப்பு மிகுதி.

அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின். பச்சை வாழைக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, எச்சிலிலுள்ள புரதங்களை டானின் ஒன்றோடொன்று பிணைப்பதால் வருவது அது. சுகப்பிரசவத்தில் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே கிழிந்தோ, மருத்துவர் வெட்டியோ தையல் போட்ட இடத்தை மாசிக்காய் கொதித்த நீரால் கழுவும்போதும் இதே வேலைதான் நடக்கிறது. மேற்பரப்பின் புரதங்கள் பிணைந்து மெல்லிய படலமாவதால் நீர்க்கசிவு குறைகிறது. கிருமிகளின் புரதங்களும் பிணைபடுவதால் அவற்றின் பெருக்கமும் தளர்கிறது.

ஆனால் கிருமியின் புரதம் எது, புதிதாக முளைக்கும் நம் திசுவின் புரதம் எது என்று டானினுக்குத் தெரியாது. ஆகவே மாசிக்காயை அரைத்துப் புண்ணில் அப்புவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அதன் துகள்கள் தையலிடுக்கில் தங்கிச் சீழ் வைக்கவும் இடமுண்டு. கழுவுவதென்றால், மருத்துவரிடமோ கிராமச் செவிலியரிடமோ கேட்டுக்கொண்டு, நன்கு கொதிக்கவைத்து, சுத்தமான துணியில் வடிகட்டி, வெளிர்ந்த தேநீர் நிறத்தில் ஆறவைத்த நீரே போதும்.

மஞ்சளின் கதை வேறு. அதிலுள்ள குர்குமின் வீக்கத்தைத் தணிக்கும் பொருள்தான் என்றாலும் தண்ணீரில் அநேகமாகக் கரைவதில்லை. மஞ்சள் நீரில் நாம் காண்பது பெரும்பாலும் மிதக்கும் துகள். புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்தியாவின் எதிர்ப்பால் 1997இல் ரத்தானது. அந்த வழக்கம் பழையது என்பதற்கு அது சான்று. தையல் புண் அதனால் விரைவில் ஆறும் என்பதற்குச் சான்றன்று.

வீக்கம் மிகுந்த முதல் நாளில் துணியில் சுற்றிய பனிக்கட்டியும், அதன்பின் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிட இடுப்புக் குளியலும் வலியைக் குறைக்கின்றன. வெந்நீரின் சூட்டில் இரத்தநாளங்கள் விரிந்து, இறுகிய தசை தளர்கிறது. மூலிகைக்கு நாம் தரும் புகழில் பாதி இந்த வெந்நீருக்கு உரியது.

நம் ஊர்ப்பக்கம் இன்னும் சில வீடுகளில், புண் ஆறாது என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்காத பத்தியம். பால் கொடுப்பவளுக்கு நீர் குறைந்தால் மலம் இறுகும். முக்கி முக்கிப் போகையில் தையல் இழுபட்டு வலி கூடும். நாற்றமடிக்கும் கசிவு, காய்ச்சல், தையல் பிரிதல், நாளுக்கு நாள் ஏறும் வலி ஆகிய எதைக் கண்டாலும் கஷாயத்தை வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாசிக்காயைக் காய்ச்ச எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. இரும்புச் சட்டியில் வைத்தால் டானின் இரும்போடு கூடி நீர் மையாகக் கறுத்துவிடும். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் எழுதிய மையும் இந்த முடிச்சையும் இரும்புப் பொருளையும் சேர்த்துச் செய்ததுதான்.