ஓவர்லோடிங்குக்கு "மிகைச்சுமை"ன்னு எழுதாதீங்க

லுவாங்கற ப்ரோக்ராமிங் மொழியைக் கத்துக்கிட்டு இருக்கற தம்பி ஒருத்தன் போன வாரம் மெசேஜ் பண்ணியிருந்தான், "அண்ணே, + குறிக்கு மிகைச்சுமை ஏத்தினா ப்ரோக்ராம் ஸ்லோ ஆயிடுமா?"ன்னு. அவன் மேல தப்பே இல்ல. அவன் படிச்ச தமிழ்ப் பாடத்துல ஆபரேட்டர் ஓவர்லோடிங்குக்கு "செயற்குறி மிகைச்சுமை"ன்னு போட்டிருக்கு, அதைப் படிச்சா லாரியில அளவுக்கு மீறி மூட்டை ஏத்தறதும் கோடையில டிரான்ஸ்ஃபார்மர் தாங்காம போறதும்தான் யாருக்கும் ஞாபகம் வரும். இந்தச் சொல்லை நான் பார்க்கறது இது முதல் தடவை இல்ல, அதனாலதான் உக்காந்து எழுதறேன்.

சொல்லோட கதை சின்னது. ஓவர்னா மேல, லோடுனா சுமை. இந்த லோடே பழைய இங்கிலீஷ்ல "வழி, பயணம்"னு இருந்து, அப்புறம் வழியில தூக்கிட்டுப் போற பாரத்துக்குப் பேரா மாறினது. ப்ரோக்ராமிங்ல ஏடா, சி++ மாதிரி மொழிகள் மூலமா நல்லா பரவுச்சு, அங்க அர்த்தம் ஒரே குறி பல வகை டேட்டாவுல பல வேலை செய்யறதுங்கறதுதான்.

இப்ப லுவாவுல என்ன நடக்குதுன்னு பாருங்க. அந்த மொழியில டேட்டா ஸ்ட்ரக்சர்னு, அதாவது டேட்டாவை அடுக்கி வைக்கற அமைப்புன்னு இருக்கறது டேபிள் ஒண்ணுதான், வரிசையும் அதான் அகராதியும் அதான். ரெண்டு டேபிளை எடுத்து + போட்டா சும்மா எரர்தான் வரும், டேபிளைக் கூட்டறதுன்னா என்னன்னு லுவாவுக்குத் தெரியாது. நீங்க இன்னொரு டேபிள்ல (இதுக்குப் பேர்தான் மெட்டாடேபிள்), ரெண்டு அடிக்கோட்டுக்குப் பின்னால ஆட்னு ஒரு பேர்ல ஃபங்ஷன் எழுதி, அதை செட்மெட்டாடேபிள்ங்கற ஃபங்ஷன் வச்சு முதல் டேபிளோட இணைச்சிட்டா, அப்புறம் + வர்றப்பல்லாம் லுவா முதல்ல இடது பக்கத்து மதிப்போட மெட்டாடேபிளைப் பார்க்கும், அங்க இல்லைன்னா வலது பக்கம் பார்க்கும், கிடைச்ச ஃபங்ஷனைக் கூப்பிடும். * குறிக்கும் இதே மாதிரி தனியா ஒரு ஃபங்ஷன் எழுதிட்டா, 3 * வெக்டர்னு (வெக்டர்னா இங்க எண்களை வரிசையா வச்ச ஒரு டேபிள்) எழுதினாலும் வேலை செய்யறது அதனாலதான், 3க்கு மெட்டாடேபிள் இல்லாட்டியும் வெக்டருக்கு இருக்கே. இதுல சுமை எங்க இருக்கு? ஏற்கெனவே நிறைஞ்ச வண்டியில யாரும் எதையும் திணிக்கல, அர்த்தமே இல்லாத இடத்துல ஒரு அர்த்தம் கொடுத்திருக்கோம், அவ்வளவுதான். ரியோ டி ஜெனிரோவுல 1993ல லுவாவை உருவாக்கினவங்களே இந்த ஏற்பாட்டுக்கு 1995ல 2.1 பதிப்புல வச்ச பேர் ஃபால்பேக், அதாவது தனக்கு என்ன பண்றதுன்னு தெரியாதப்போ மொழி கூப்பிடற ஃபங்ஷன். அப்புறம் டேக் மெத்தட், 2003ல 5.0 வந்தப்போ மெட்டாடேபிள். பாரம்ங்கற எண்ணம் இந்தப் பேர் எதுலயும் கிடையாது.

அதோட "மிகை"ங்கறது தமிழ்ல வேண்டாத அளவுக்குப் போனதைச் சொல்ற சொல். நன்னூல் பத்துக் குற்றத்துல மிகைபடக் கூறலும் ஒண்ணு. அப்படியிருக்க ஒரு நல்ல வசதிக்கு குற்றத்தோட பேரை வைக்கறது எனக்குப் பொறுக்கல.

பள்ளிப் பாடநூல்ல "பணிமிகுப்பு"ன்னு இருக்கு, அது பரவால்ல, சுமையை விட்டுட்டு வேலையைப் பிடிச்சிருக்காங்க. ஆனா அதைக் கேட்டாலும் ஆபீஸ்ல ஒருத்தர் தலையில இன்னும் நாலு ஃபைல் கட்டின மாதிரிதான் படுது, அர்த்தம் மாறுதுங்கற விஷயம் அந்தச் சொல்லுல இல்ல.

நான் சொல்றது "பல்பொருளாக்கம்". இது நான் இழுத்துக் கொண்டுவர்றது இல்ல, தொல்காப்பியத்துல கிளவியாக்கத்துல "பலபொருள் ஒருசொல்"னே இருக்கு. அப்படிப்பட்ட சொல்லோட அர்த்தம் வினையாலயும் இனத்தாலயும் சார்பாலயும் தெரியும்னு சொல்லியிருக்கு. மா பூத்ததுன்னா மரம், மா ஓடுச்சுன்னா விலங்கு. லுவா பண்றதும் இதேதான், + குறி தனியா நின்னா ஒண்ணும் முடிவாகாது, பக்கத்துல இருக்கறது எண்ணா வெக்டராங்கறதை வச்சுத்தான் வேலை முடிவாகும். இவ்வளவு பொருத்தமா நம்ம இலக்கணத்துலயே கிடக்கறப்போ இங்கிலீஷ் சொல்லை ரெண்டா உடைச்சு துண்டு துண்டா மொழிபெயர்க்கறது ஏன்னுதான் எனக்குப் புரியல. மொழிபெயர்க்கறவங்க முதல்ல அந்த ப்ரோக்ராமை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும், டிக்‌ஷனரியை அப்புறம் திறக்கலாம். டேபிளை "மேசை"ன்னு போட்டு, மெட்டாடேபிள் "மேல்நிலை மேசை" ஆகி நிக்கறதையும் பார்த்துட்டேன், ஏதோ பெரிய அதிகாரி மாதிரி. அது ஒரு அட்டவணை எப்படி நடந்துக்கணும்னு சொல்ற அட்டவணை, "நடத்தை அட்டவணை"ன்னா ஒன்பதாங்கிளாஸ் பிள்ளைக்கும் புரியும்.

ஒரு ஆட்சேபம் வரும், தெரியும். ஆப்ஜெக்டுக்கும் "பொருள்"னுதானே சொல்றோம், குழம்பாதான்னு. கொஞ்சம் குழம்பும், அதை மறைக்க மாட்டேன், அதனால முதல் தடவை எழுதறப்போ "குறிக்குப் பல அர்த்தம் கொடுத்தல்"னு ஒரு வரி சேர்த்துடுங்க. தம்பிக்கும் அப்படித்தான் பதில் அனுப்பினேன், ஃபங்ஷனைக் கூப்பிடற செலவு கொஞ்சம் உண்டு, அதுக்கு மேல + குறி எந்தப் பாரத்தையும் சுமக்கலன்னு. ராத்திரியே ரெண்டு வெக்டரைக் கூட்டி ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டான்.