மாடித் தண்ணீரை யூஜிடியில் விடாதீர்கள்: பெங்களூரு வீட்டுக்காரர்களுக்கு

பெங்களூரில் கக்கூஸ், குளியலறை, சமையலறைத் தண்ணீர் குடிநீர் வடிகால் வாரியத்தின் யூஜிடிக்கு, அதாவது நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்க்கு, போக வேண்டும். மழைநீருக்கு வழி வேறு: தெருவோரக் கால்வாய், அங்கிருந்து ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய். இடநெருக்கடியான பழைய வீடுகளில் மேஸ்திரிகள் மாடியின் மழைநீர்ப் பைப்பையும் சேம்பரிலேயே (வீட்டுக் கழிவுநீர் யூஜிடிக்குப் போகுமுன் சேரும் தொட்டி) இறக்கிவிடுவதுண்டு. 100 சதுர மீட்டர் மாடியில் 60 மி.மீ. மழை பெய்தால் 6,000 லிட்டர். நாலு பேர் குடும்பம் சுமார் பதினோரு நாளில் செலவழிக்கும் தண்ணீர் இது. ஒரே மாலையில் வந்தால் மேன்ஹோல் பொங்கும், தாழ்வான வீட்டின் கக்கூஸில் ஏறும்.

வாரியச் சட்டத்தில் 2009-இல் சேர்த்த 72ஏ பிரிவின்படி, 60×40 அடியும் அதற்கு மேலுமுள்ள மனையிலுள்ள பழைய வீடுகளுக்கும் 30×40 அடியும் அதற்கு மேலுமுள்ள மனையில் கட்டும் புதிய வீடுகளுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அளவு, கூரையில் சதுர மீட்டருக்கு 60 லிட்டர். செய்யாத குடியிருப்புகளுக்குத் தண்ணீர் பில்லில் அபராதம் சேரும். அதைக் கட்டிவிட்டுச் சும்மா இருக்கலாம் என்பது தப்புக் கணக்கு. செய்து முடிக்கும்வரை அது தொடரும். 20×30 வீடுகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, ஆனாலும் மழைநீரை யூஜிடியில் விடக்கூடாது.

முதலில் சோதனை. மழையில்லாத நாளில் சேம்பர் மூடியைத் திறந்து வைத்து, மாடியின் ஒவ்வொரு பைப்பிலும் தனித்தனியாக ஒரு வாளி நீலம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். சேம்பரில் நீலம் தெரிந்தால் அந்தப் பைப்பைத்தான் பிரிக்க வேண்டும். சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) நிறைந்து வழியும் பைப், செல்லரில் (அடித்தளத்தில்) ஊறும் நீரை இறைக்கும் மோட்டார் பைப் இரண்டும் சேம்பரில் விழுகிறதா என்றும் கூடவே பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பைப்பை வெட்டிப் பிரிப்பதற்கு முன் இன்னொன்று. மாடியில் வாஷிங் மெஷின் இருந்து, அதன் தண்ணீர் மழைப் பைப்பில் போகிறதென்றால் அதற்குத் தனி லைன் போட்டு யூஜிடியில் சேருங்கள். இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீர் மழைநீரை மண்ணில் இறக்கும் கிணற்றில் போய்ச் சேரும். வெட்டிய இடத்தில் சேம்பர் பக்கத்து வாயை எண்ட் கேப் போட்டுச் சிமெண்டால் அடையுங்கள்; திறந்து விட்டால் நாற்றமும் கரப்பானும்.

பிரித்த மழைநீரை உறைகிணற்றில் விடுங்கள். மூன்றடி விட்டம், இருபதடி ஆழ உறைகிணறு சுமார் 4,000 லிட்டர் கொள்ளும். மீதிக்கு ஃபில்டர் வைத்துச் சம்ப். முதல் மழையில் 100 முதல் 200 லிட்டர் தூசித் தண்ணீரைத் தோட்டத்துக்கோ தெருவோரக் கால்வாய்க்கோ விடுங்கள். கிணறு சேம்பருக்கும் அஸ்திவாரத்துக்கும் ஒட்டினாற்போல் வேண்டாம். ஜெயநகரில் வாரியம் அமைத்த மழைநீர் சேகரிப்புப் பூங்காவில் மாதிரிகள் உண்டு.

சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரைத் திரும்பி வரவிடாத வால்வு) மட்டும் போட்டால் போதும் என்பார் பிளம்பர். தெரு லைன் நிரம்பியதும் வால்வு மூடிக்கொள்ளும். மாடிப் பைப் இன்னும் அதற்குள் விழுந்தால் உங்கள் மழைநீரே உங்கள் குளியலறையில் ஏறும். தெருவில் தேங்கிய தண்ணீரை வடிக்க மேன்ஹோல் மூடியைத் தூக்குவதும் இதே கதைதான், ஆளும் விழுந்துவிடலாம். வாரியத்தின் உதவி எண் 1916-க்குப் போன் செய்யுங்கள்.