இயைந்தியங்குதிறன்: 'இன்டர்ஆப்பரபிலிட்டி'க்கு ஒரு தமிழ்ச்சொல்

வெவ்வேறு நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குவதைக் குறிக்க, நிதித்துறை மென்பொருள் பற்றிய ஆவணங்களில் அடிக்கடி வரும் 'இன்டர்ஆப்பரபிலிட்டி' என்ற சொல்லைத் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் 'இயங்குதன்மை' என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுகின்றனர். ஒரே நிறுவனத்தின் செயலிக்கு மட்டும் திறக்கும் கியூஆர் குறியீடுகளைக் கைவிட்டு, பிற செயலிகளும் படிக்கத்தக்க குறியீடுகளுக்கு 2022 மார்ச் 31க்குள் மாற வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2020 அக்டோபரில் அறிவித்தபோது, அந்த அறிவிப்புக்கு உயிராக இருந்ததும் இச்சொல்லே. அதனை 'இயங்குதன்மை' என்று பெயர்த்தால், கடைக்காரரின் மேசையில் ஒட்டியிருந்த பழைய அட்டைக்கும் அந்தத் தன்மை இருந்ததே என்று கேட்கத் தோன்றும். அதுவும் இயங்கத்தான் செய்தது. பிறவற்றோடு சேர்ந்து இயங்கவில்லை. சொல்லின் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் பெயர்த்ததால் வந்த குறை இது.

இலத்தீனில் 'இன்டெர்' என்பது இடையே என்று பொருள்படும். 'ஓபுஸ்' என்பது வேலை. அதன்வழி வந்த 'ஓபெராரி' என்பது வேலை செய்தல். மருத்துவமனையின் ஆபரேஷனும் இத்தாலிய இசை நாடகமான ஓப்பராவும் இதே வேரில் கிளைத்தவை. கணினித் துறைக்கு அப்பால் இச்சொல்லை மிகுதியாக ஆள்வோர் படைத்துறையினர். வெவ்வேறு ஆயுதங்களோடும் வெவ்வேறு வானொலிக் கருவிகளோடும் வரும் பல நாட்டுப் படைகள் ஒரே களத்தில் ஒன்றுபட்டுச் செயல்பட வேண்டிய நேட்டோ அமைப்புக்கு இது அடிப்படைச் சொற்களுள் ஒன்று. மென்பொருளுக்குரிய வரையறையை மின், மின்னணுப் பொறியாளர் கழகமான ஐஇஇஇ 1990இல் வெளியிட்ட கலைச்சொல் தொகுப்பில் காணலாம். இரண்டோ அதற்கு மேற்பட்டோ உள்ள அமைப்புகள் தமக்குள் தகவலைப் பரிமாறிக்கொள்வதும், அவ்வாறு பரிமாறிய தகவலைப் பயன்படுத்துவதுமாகிய திறன் என்பது அதன் சாரம். பரிமாற்றத்துக்குக் கம்பியும் நெறிமுறையும் இருந்தால் போதும். பயன்படுத்துவதற்கோ, அனுப்பியவர் கருதிய பொருளையே பெற்றவரும் கொள்ள வேண்டும். இச்சொல்லின் கடினமான பகுதி அதுதான்.

நிதித்துறையினரின் கணினியிலுள்ள வெவ்வேறு மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான எஃப்டிசி3 என்ற திறந்த செந்தரத்தில் (ஓப்பன் ஸ்டாண்டர்டு) இதனைத் தெளிவாகப் பார்க்கலாம். ஓப்பன்ஃபின் என்ற மென்பொருள் நிறுவனம் 2017இல் தொடங்கிய இம்முயற்சி, நிதித்துறையில் திறந்த மூல மென்பொருளை வளர்க்கும் ஃபினோஸ் அறக்கட்டளையிடம் அடுத்த ஆண்டு ஒப்படைக்கப்பட்டது. ஃபினோஸ் 2020இல் லினக்ஸ் அறக்கட்டளையின் குடைக்கீழ் வந்தது. 'ஃபைனான்ஷியல் டெஸ்க்டாப்' என்ற இரு சொற்களின் முதலெழுத்துகளோடு, கனெக்டிவிட்டி, கொலாபரேஷன், கன்சார்ட்டியம் என்ற மூன்று 'சி'களையும் சேர்த்து ஆக்கிய பெயர் அது. இணைப்பும் ஒத்துழைப்பும் பெயரிலேயே இடம்பெற்றிருக்க, இன்டர்ஆப்பரபிலிட்டி மட்டும் அதில் இல்லை. ஆனால் அந்தச் செந்தரம் செய்வதெல்லாம் அதைத்தான்.

பங்கு வணிகர் ஒருவரின் மேசையில் ஆணை போடும் மென்பொருள் ஒரு நிறுவனத்தினுடையது, விலை வரைபடம் வேறொன்றினுடையது, செய்தியும் உரையாடலும் இன்னும் வேறு இரண்டினுடையவை. ஆணைச் சாளரத்தில் ஆப்பிள் நிறுவனப் பங்கைப் பார்த்துக்கொண்டிருப்பவர், வரைபடம் வேண்டுமானால் அதன் குறியீட்டை நகலெடுத்து அடுத்த சாளரத்தில் ஒட்டியாக வேண்டும். ஒட்டினாலும் சிக்கல் தீர்வதில்லை. பங்குச் சந்தையில் 'ஏஏபிஎல்' எனப்படும் அதே பங்கு, ராய்ட்டர்ஸ் முறையில் 'ஏஏபிஎல்.ஓ', ப்ளூம்பெர்க் முறையில் 'ஏஏபிஎல் யூஎஸ்', பன்னாட்டு ஐஎஸ்ஐஎன் முறையில் 'யூஎஸ்0378331005'. நான்கு பெயர்; பொருள் ஒன்று. இரண்டு சாளரங்களையும் எவ்வளவு உறுதியான கம்பியால் கட்டினாலும், ஒன்று சொல்லும் பெயரை மற்றொன்று அறியாவிட்டால் அந்தக் கட்டு வீண்.

எஃப்டிசி3 இதற்கு முதலில் வகுப்பது 'கான்டெக்ஸ்ட்' என்ற பொதி. 'இது ஒரு நிதிக்கருவி' என்று வகையைத் தலையில் எழுதி, அதற்குக் கீழே பலமுறைப் பெயர்களையும் அருகருகே வைத்து அனுப்பினால், பெறும் மென்பொருள் தனக்குத் தெரிந்த பெயரை எடுத்துக்கொள்ளும். அடுத்தது 'இன்டென்ட்', அதாவது நோக்கம். 'வியூசார்ட்' என்பது வரைபடம் காட்டு என்ற நோக்கம். 'ஸ்டார்ட்சாட்' என்பது உரையாடலைத் தொடங்கு என்பது. இந்த நோக்கத்தை எழுப்பும் மென்பொருள், எந்த மென்பொருள் அதனை நிறைவேற்ற வேண்டும் என்று பெயர் சொல்லத் தேவையில்லை. இடையில் நிற்கும் 'டெஸ்க்டாப் ஏஜென்ட்' மென்பொருள் பட்டியலைப் பார்த்து ஆளைத் தேடும். தகுதியானவை பல இருந்தால் பயனரிடமே கேட்கும். இவற்றோடு நிறம் தீட்டிய தடங்களும் உண்டு. பயனருக்கென்று எட்டுத் தடங்களைச் செந்தரம் பரிந்துரைக்கிறது. சிவப்புத் தடத்தில் சேர்த்த சாளரங்களில் ஒன்றில் பங்கை மாற்றினால் மற்றவையும் அதனைப் பின்தொடர்ந்து மாறும். பார்ப்பவர் கண்ணைக் கவர்வது இந்த நிறம்தான். ஆனால் என் மதிப்பீட்டில், கவர்ச்சியே இல்லாத அந்தப் பெயர்ப் பட்டியலில்தான் உழைப்பின் பெரும்பகுதி இருக்கிறது. போட்டியாளர்களை ஒரே மேசையில் அமர்த்தி, ஒரு பொருளை இன்ன பெயரால் அழைப்போம் என்று ஒத்துக்கொள்ளச் செய்வது நிரல் எழுதுவதைவிடக் கடினம்.

நிறுவனங்களுக்கு இடையே இந்த ஒப்பந்தம் முன்பே நடந்திருக்கிறது. ஃபிடெலிட்டி என்ற முதலீட்டு நிறுவனம், சாலமன் பிரதர்ஸ் என்ற பங்கு வணிக நிறுவனம் ஆகிய இரண்டுக்கும் இடையே 1992இல் உருவான, பங்கு ஆணைகளை மின்னணு முறையில் அனுப்புவதற்கான ஃபிக்ஸ் நெறிமுறையில், 35=டி என்றால் புதிய ஆணை, 55 என்ற எண்ணுக்குப் பின் வருவது பங்கின் குறியீடு, 38 என்றால் எண்ணிக்கை; 54=1 என்றால் வாங்கு, 54=2 என்றால் விற்றுவிடு. தொலைபேசியில் வாய்மொழியாகச் சொன்ன ஆணைகளின் இடத்தை இந்த எண்கள் பிடித்தன. ஃபிக்ஸ் நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவே. எஃப்டிசி3 ஒருவர் மேசையிலுள்ள சாளரத்துக்கும் சாளரத்துக்கும் நடுவே.

இங்கே 'திறந்த செந்தரம்' என்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதனைத் திறந்த மூலத்தோடு குழப்பிக்கொள்வோர் பலர். திறந்த மூலம் என்பது நிரல். செந்தரம் என்பது ஆவணம். எஃப்டிசி3 ஆவணத்தை எவரும் படித்துத் தம் மென்பொருளில் பின்பற்றலாம். அவ்வாறு பின்பற்றி, மூலத்தை மூடிவைத்து விலைக்கு விற்பதற்கும் தடையில்லை. 'ஸ்டாண்டர்டு' என்பதற்குத் தமிழகத்தில் தரநிலை, செந்தரம் என்றும், இலங்கையில் நியமம், கட்டளை என்றும் எழுதுகின்றனர். இவற்றுள் 'கட்டளை' எனக்குத் தனியாகப் பிடித்தது. பொன்னை உரைத்துப் பார்ப்பது கட்டளைக்கல். நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 என்று, ஒற்று நீக்கி எழுத்தெண்ணிப் பாடுவது கட்டளைக் கலித்துறை. அளவு என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆயினும் தமிழகத்து வாசகருக்கு அது ஆணை என்றே படும் என்பதால் இக்கட்டுரையில் செந்தரம் என்றே ஆண்டிருக்கிறேன்.

இனி இன்டர்ஆப்பரபிலிட்டிக்கு வருவோம். 'இடைச்செயல்பாடு' என்றால் இடையில் நிகழும் செயல் என்று தோன்றி, 'இன்டராக்ஷன்' என்பதற்கு வழங்கும் இடைவினையோடு குழம்பும். 'இணைப்பு' கம்பியைச் சொல்லுமே தவிர, பொருளைச் சொல்லாது. 'இணக்கம்' என்பதைக் 'கம்பாட்டிபிலிட்டி'க்கு விட்டுவைப்பது நல்லது. இரண்டு மென்பொருள்கள் ஒன்றையொன்று கெடுக்காமல் ஒரே கணினியில் இருப்பது இணக்கம், ஒன்று சொன்னதை மற்றொன்று எடுத்து ஆள்வது வேறு. அதற்கு நம்மிடம் 'இயை' என்ற வினை இருக்கிறது. சேர்தல், பொருந்துதல், உடன்படுதல் ஆகிய மூன்று பொருளும் அதற்கு உண்டு. அடிகளின் இறுதி ஒலி ஒன்றி வருவதை இயைபுத் தொடை என்கிறோம். பழைய உரையாசிரியர்கள், செய்யுளில் எட்டி எட்டிக் கிடக்கும் இரு சொற்களைக் காட்டி 'என இயையும்' என்று எழுதும்போது, அவை பொருளால் ஒன்றையொன்று நிறைவு செய்வதையே குறிக்கின்றனர். ஐஇஇஇ வரையறையின் இரண்டாம் பாதி இதைவிட வேறென்ன?

ஆகவே இயைந்து, இயங்கு என்ற இரண்டும் குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்த 'இயைந்தியங்கு' என்பதை வினையாகவும், 'இயைந்தியங்கும்' என்பதைப் பெயரெச்சமாகவும், 'இயைந்தியங்குதிறன்' என்பதைப் பெயராகவும் கொள்ளலாம். 'எஃப்டிசி3ஐப் பின்பற்றும் மென்பொருள்கள் இயைந்தியங்கும்', 'இயைந்தியங்கும் கியூஆர் குறியீடு' என்ற தொடர்களைப் படிப்பவர் அகராதியைத் தேட வேண்டியதில்லை. தலைப்புகளில் சொல் நீள்கிறது என்று கருதுவோர், பொருள் மயங்காத இடத்தில் 'இயைபு' என்று சுருக்கியும் எழுதலாம்.