எழுத்தில் தடுமாறும் பிள்ளை: சான்றிதழுக்கு முன்பே பள்ளியில் என்ன கேட்கலாம்?

"வாயால கேட்டா எல்லாத்தையும் சொல்றான், நோட்டுல மட்டும் ஒண்ணும் வர மாட்டேங்குது." மதுரைப் பக்கம் பெற்றோர் கூட்டங்களில் இதைச் சொல்லும் அம்மாக்கள் நிறைய உண்டு. கவனம் இல்லை என்பார் ஆசிரியர். பாண்டி கோயிலுக்கு நேர்ந்துகொள் என்பார் பாட்டி. டியூஷனை மாற்று என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது கற்றல் குறைபாடு. அறிவு, கண், காது எல்லாம் சரியாக இருந்தும் வாசிப்பதோ எழுதுவதோ கணக்குப் போடுவதோ மட்டும் பிடிபடாத நிலை இது. வாசிப்பில் வருவதை டிஸ்லெக்சியா என்கிறோம்.

தடுமாறும் எல்லாப் பிள்ளைக்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடக் கூடாது. வேலைக்காகப் பெற்றோர் ஊர் ஊராகப் போனதில் பாதி வருடம் பள்ளிக்கு வராத பிள்ளையும் தடுமாறும். வீட்டில் சௌராஷ்டிரமோ இந்தியோ பேசிவிட்டு வகுப்பில் தமிழைச் சந்திக்கும் பிள்ளைக்குக் கொஞ்ச காலம் கூடுதலாகத் தேவைப்படலாம். சில மாதம் ஒழுங்காக, சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த பிறகும் முன்னேற்றம் இல்லையென்றால் அப்போது யோசிக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதியதில் 21. கற்றல் குறைபாடு அதில் ஒன்று. அதிதுடிப்பு, கவனக்குறைவு மட்டும் உள்ள பிள்ளைகள் இந்தப் பட்டியலில் தனியாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வழி கடினம். ஆனால் கீழே வரும் வகுப்பறை மாற்றங்கள் பலவும் அவர்களுக்கும் உதவும்.

சட்டத்தின் 16-வது பிரிவு, அரசு நடத்தும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அதாவது மெட்ரிக் பள்ளியும் இதற்குள் வரும். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிவது, அதற்கேற்பக் கற்பிக்கும் முறையை மாற்றுவது, பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்து தருவது என்று மூன்றையும் அது பள்ளியின் வேலையாகச் சொல்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு இவையெல்லாம் 17-வது பிரிவில் வருகின்றன. குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற வரம்பு இந்த இரண்டு பிரிவுகளிலும் இல்லை. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்று சொல்லும் 31-வது பிரிவுக்குத்தான் அந்த வரம்பு.

இங்கேதான் பெரும்பாலான பெற்றோர் இடறுகிறார்கள். "முதல்ல சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்ப்போம்" என்று பள்ளி சொல்லும், பெற்றோரும் அலையத் தொடங்குவார்கள். முன் பெஞ்சில் உட்கார வைக்கவும், கரும்பலகையில் எழுதியதை ஒரு தாளில் தரவும், விடையை வாயால் கேட்டு வாங்கவும் எந்தச் சான்றிதழும் தேவையில்லை. அது பொதுத்தேர்வுச் சலுகைக்கும் உதவித்தொகைக்கும்தான். இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் ஒரு வருடம் வீணாகாது.

வகுப்பில் என்ன கேட்கலாம்

முதலில் எழுத்து. தமிழில் 247 எழுத்து என்று அட்டையைத் தொங்கவிட்டு வரிசையாக ஒப்பிக்க வைப்பது நமக்குப் பழகிய முறை. க, கா, கி என்று பாட்டாகப் பாடும் பிள்ளை, தனியாக 'கெ' என்று எழுதிக் காட்டினால் முழிக்கும். கன்னடத்தில் ஆய்வாளர் சோனாலி நாக் செய்த ஆய்வுகள், இதுபோன்ற எழுத்துமுறைகளில் எல்லா எழுத்தும் கைவருவதற்குச் சாதாரணப் பிள்ளைகளுக்கே தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகள் பிடிக்கிறது என்று காட்டின. ஆகவே இரண்டாம் வகுப்பில் சில எழுத்து தெரியவில்லை என்று பதற வேண்டாம்.

தடுமாறும் பிள்ளைக்கு ஆய்வுகளின் ஆதரவு அதிகம் உள்ள வழி, ஒலியையும் வடிவத்தையும் சேர்த்து, நேரடியாக, படிப்படியாகச் சொல்லித் தருவதுதான். ஒரு நேரத்தில் நாலைந்து எழுத்து போதும். ப, ட, ம் தெரிந்ததுமே 'படம்' வாசிக்க வைக்கலாம், அதற்கு 247-ம் முடிய வேண்டியதில்லை. 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும். இதைப் பிள்ளை தானாகப் புரிந்துகொள்ளும் என்று விட்டுவிடாமல் தனிப் பாடமாகவே நடத்த வேண்டும். 'பல்'லில் வரும் ப வேறு, 'கம்பு'வில் வரும் பு வேறு மாதிரி ஒலிக்கும் என்பதும் அப்படித்தான்.

நம் ஊர்ப் பேச்சும் இதில் சேர்கிறது. வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று சொல்லும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை 'பளம்' என்று எழுதினால், கேட்டதைச் சரியாகவே எழுதியிருக்கிறது. காது வழியாக வராத ழகரத்தைக் கண் வழியாகத்தான் பதிய வைக்க வேண்டும். சிவப்பு மையால் சுழித்து "பத்துத் தடவை எழுது" என்றால் அந்தப் பிள்ளை பத்துத் தடவையும் பார்த்துப் பார்த்து வரையும், அவ்வளவுதான். பார்க்காமல் நினைவிலிருந்து எடுக்க வைப்பதுதான் தங்குகிறது. 2006-ல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், மறுபடி மறுபடி படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பள்ளியில் இது இன்று மூன்று சொல், இரண்டு நாள் விட்டு அதே மூன்று, அடுத்த வாரம் மீண்டும் ஒருமுறை என்று நடக்கலாம். சொல்வதை எழுதும்போது அன்றைக்குச் சொல்லித் தந்த எழுத்துகளை மட்டும் திருத்தினால் போதும்.

திடீரென்று எழுப்பி "நீ வாசி" என்று சொல்லாமல் இருப்பதும் ஒரு வசதிதான். நாளைக்கு வாசிக்க வேண்டிய பத்தியை இன்றே சொல்லிவிட்டால் பிள்ளை வீட்டில் பழகி வரும். அதே சிறு பத்தியை ஒரு நண்பனோடு சேர்ந்து சில முறை சத்தமாக வாசிப்பது வேகத்தைக் கூட்டுகிறது. கணக்கில் வாக்கியத்தை ஆசிரியர் படித்துக் காட்டட்டும், வாய்ப்பாடு பக்கத்தில் இருக்கட்டும். சோதிப்பது கணக்கையா வாசிப்பையா என்று ஆசிரியர் முடிவுசெய்துகொண்டால் மற்றது தானாக வரும்.

அடிப்பதும் "மக்கு" என்று எல்லார் முன்னாலும் சொல்வதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி தடை. இதில் பேச ஒன்றுமில்லை.

நிறக் கண்ணாடி, கண் பயிற்சி என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். டிஸ்லெக்சியாவுக்கு அவை பலன் தருவதாக நம்பத்தக்க ஆதாரம் இல்லை. கண்ணையும் காதையும் மட்டும் முதலில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

யாரிடம் போவது

தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். மூன்றாம் வகுப்பு முடியப்போகும்போதும் அரும்பிலேயே நிற்கிறது என்றால் அது நல்ல எச்சரிக்கை. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலும் மூன்றாம் வகுப்பிலோ 8 வயதிலோ, எது முன்னால் வருகிறதோ அப்போது, பள்ளியே முதல்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் இதைத் தவறவிட்டால் பிரச்சினை ஒன்பதாம் வகுப்பில்தான் வெளியே வரும். அப்போது கையில் இருக்கும் காலம் குறைவு.

மதுரை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். ஒன்றிய அளவில் வட்டார வள மையங்கள் இயங்குகின்றன. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், பள்ளிகளுக்கும் வருவார்கள். உசிலம்பட்டியோ கொட்டாம்பட்டியோ, நகரத்துக்கு ஓடுவதற்கு முன் உங்கள் வட்டார வள மையத்தில் கேளுங்கள். மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது என்று அவர்களுக்குத்தான் தெரியும். தகுதியுள்ள பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப் படி, துணைக்கு வருபவர் படி, பெண் பிள்ளைகளுக்கு உதவித்தொகை போன்றவையும் இந்த வழியாகவே வரும்.

சான்றிதழுக்கு அரசு மருத்துவக் குழுதான் வழி. மனநலத் துறையும் குழந்தைகள் நலத் துறையும் உள்ள இராசாசி அரசு மருத்துவமனை இங்கே பெரிய மையம். தனியார் மையத்தில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் அறிக்கை பிள்ளையைப் புரிந்துகொள்ள உதவும், ஆனால் அரசுச் சான்றுக்கு அது ஈடாகாது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு (UDID) இணையத்தில் விண்ணப்பிக்கலாம். உதவி வேண்டுமென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்றவற்றைத் தலைமையாசிரியர் வழியாகக் கேட்க வேண்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் அனுமதித்தால்தான் செல்லும், எனவே ஒன்பதாம் வகுப்பிலேயே காகிதங்களைத் தயார் செய்யுங்கள். எழுதுபவர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். விடையை வரிசையாக, நிறுத்தி நிறுத்திச் சொல்வதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். காலாண்டு, அரையாண்டிலேயே அப்படி எழுத வைக்கச் சொல்லுங்கள். மொழிப்பாட விலக்கு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. எழுதுபவர் உதவியோடு தேற முடிகிற பிள்ளை அந்தப் பாடத்தையும் எழுதட்டும்.

எதைக் கேட்டாலும் வாயால் மட்டும் கேட்காதீர்கள். எந்த வசதி வேண்டும் என்று ஒரு பக்கத்தில் தேதியோடு எழுதி, தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் எழுப்பலாம். பதில் இல்லையென்றால் பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண், அப்புறம் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டம், அதற்கும் மேல் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். ஆணையருக்கு எழுதும்போது அந்தக் கையெழுத்து நகலையும் இணைத்து அனுப்புங்கள்.