சிட்டையில் ஏறாதது பேரேட்டில் இருக்காது

பள்ளத்தூரில் பலகாரம் செய்து விற்கும் ஆச்சி ஒருவர் கேட்ட கேள்வி இது. கல்யாண வீட்டு ஆர்டரெல்லாம் அவர் போனில் ஒரு ஆப்பில்தான் குறித்துக்கொள்கிறார். போன வாரம் தேன்குழல் 500, மாவுருண்டை 300 என்று போட்டுக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. மறுபடி திறந்தால் அந்த ஆர்டர் மட்டும் இல்லை, பழையதெல்லாம் பத்திரமாக இருக்கிறது. "பாதி எழுதினது பாதியாவது இருக்கணும்ல தம்பி?" என்றார். எமகண்டத்தில் எழுத உட்கார்ந்ததுதான் காரணம் என்று வீட்டில் சொன்னார்களாம். இல்லை ஆச்சி, நல்ல நேரத்தில் எழுதியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். காரணம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நேரத்தின்மேல் பழி போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

திரையில் தட்டுவது முதலில் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் நிற்கும், மின்சாரம் போனால் அதுவும் போகும். இது தெரிந்ததுதான். ஐபோனில் கோர் டேட்டா, ஆண்ட்ராய்டில் ரூம் என்று ஆப் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் கட்டமைப்புகள், ரேமில் இருப்பதை நிரந்தரச் சேமிப்புக்குக் கொண்டுபோகும் இடையாட்கள். கோர் டேட்டாவில் 'சேவ்' என்று நிரல் கட்டளையிடும்வரை மாற்றமெல்லாம் சிலேட்டில் எழுதியதுபோலத்தான். ஆச்சியின் ஆர்டர் அங்கேயே நின்றுவிட்டது.

சரி, சேவ் செய்துகொண்டிருக்கும் அந்த நொடியிலேயே போன் அணைந்தால்? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

கோர் டேட்டா, ரூம் இரண்டுக்கும் அடியில் பெரும்பாலும் இருப்பது எஸ்கியூலைட், ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட சின்னத் தரவுத்தளம். 2010-இல் வந்த 3.7.0 பதிப்பில் அதற்கு ஒரு புது வழி சேர்ந்தது. அதை விளக்க எங்கள் ஐயாவின் கணக்கே போதும். முகப்பில் சாய்வு மேசைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, வரவோ செலவோ எது நடந்தாலும் முதலில் சிட்டையில் நடந்த வரிசைப்படியே எழுதுவார், சாயங்காலம்தான் ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார், பகலில் யாராவது பாக்கி கேட்டால் பேரேட்டோடு சிட்டையையும் புரட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்வார். எஸ்கியூலைட் செய்வதும் அதுவேதான். தரவுக் கோப்பைச் சிறு சிறு பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கும், மாறிய பக்கங்களை அந்த மூலக் கோப்பில் கைவைக்காமல் பக்கத்திலுள்ள இன்னொரு கோப்பின் கடைசியில் வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போகும். படிக்கும்போது முதலில் அந்தச் சிட்டையைப் பார்க்கும், அதில் இல்லாததற்குத்தான் மூலக் கோப்புக்குப் போகும். வழக்கமான அமைப்பில் 1000 பக்கம் சேர்ந்ததும் மூலக் கோப்பில் ஏற்றும்.

இதில் அழகு எதுவென்றால், ஐயா ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை போட்டு அதையே அடுத்த பக்கத்தின் தலைப்பில் கொண்டுபோவார், நடுவில் ஒரு வரி கெட்டாலும் அதற்குப் பிறகு எதுவும் ஒத்துவராது. எஸ்கியூலைட்டும் சிட்டையில் சேர்க்கும் ஒவ்வொரு பதிவிலும் ஒரு சரிபார்ப்பு எண்ணை எழுதுகிறது, அதுவரை வந்த பதிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது. ஒரு பரிவர்த்தனை, அதாவது முழுதாக ஏறவேண்டிய அல்லது ஏறவே கூடாத ஒரு தொகுதி மாற்றம், முடிந்தால் அதன் கடைசிப் பதிவில் 'முடிந்தது' என்ற அடையாளமும் உண்டு. போன் அணைந்து திரும்பத் திறக்கும்போது சிட்டையை முதலிலிருந்து சரிபார்த்து வரும், எண் எங்கே ஒத்துவரவில்லையோ அங்கே நின்றுவிடும், அதற்குமுன் கடைசியாக 'முடிந்தது' என்றிருக்கும் இடம்வரைதான் ஏற்கும். மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும். 500 தேன்குழல் ஏறி மாவுருண்டை ஏறாமல் நிற்கும் அரைகுறை ஆர்டர், ஆர்டரே இல்லாததைவிட ஆபத்தானது இல்லையா?

எஸ்கியூலைட் முழுவதும் யாருக்கும் தனி உரிமையில்லாமல் பொதுவில் விடப்பட்ட நிரல். அதைச் சோதிக்கும் நிரல்கள் அதைவிடப் பல நூறு மடங்கு பெரியவை. இந்தப் பொறுமையான வேலைக்குப் பணம் ஒதுக்க நம் ஊர்க் கல்லூரிகளும் அரசும் முன்வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன், கண்காட்சியில் வைக்க முடியாது என்பதற்காக ஒதுக்கக்கூடாது.

அப்புறம் ஆச்சிக்கு ஒன்று. ஆப் எழுதிக்கொடுத்த பையனிடம், ஒவ்வொரு பலகாரமும் சேர்த்த உடனே, 'இன்னும் முடியாத ஆர்டர்' என்ற குறிப்போடு சேவ் ஆகும்படி மாற்றச் சொல்லுங்கள். புதுப் போனுக்கு மாறும்போது தரவுக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் போதாது என்றும் சொல்லுங்கள். பக்கத்தில் அதே பெயரோடு '-wal' என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கலாம். அதுதான் சிட்டை. அதை விட்டுவிட்டால் நேற்று வாங்கிய ஆர்டர் புதுப் போனில் இல்லாமல் போகலாம்.