பார்ட்டிஷன்: பிரிவினையா, பாகப்பிரிவினையா?

1947ஐ எழுதும்போது பிரிவினை, சொத்து விஷயத்தில் பாகப்பிரிவினை, அலுவலகத்தில் பிளைவுட் பலகை நின்றால் தடுப்பு. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல்தான்: பார்ட்டிஷன்.

இலத்தீனில் ‘பார்ஸ்’ என்றால் பங்கு. அதிலிருந்து வந்த ‘பார்த்திதியோ’, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. மூலப்பொருள் பங்கிடுவதுதான், விலகிப்போவது பிறகு வருவது. தமிழில் பொருளளவில் இதற்கு இணையானது ‘பகு’ என்னும் வேர். பகுதி, பங்கு, பால் எல்லாம் அதன் கிளைகள். ‘பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்’ என்ற குறளில் பகுத்தல் என்பது பிறருக்கும் பங்கு கொடுத்து உண்பது. பிரித்தலுக்கும் பகுத்தலுக்கும் உள்ள தூரம் அங்கே தெளிவாகத் தெரிகிறது.

பங்காளி என்ற உறவுப்பெயரே பங்கிலிருந்துதான் வந்தது. ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். யாருக்கு எந்த ஷெட்யூல் (சொத்துப் பட்டியல்), ஒவ்வொன்றுக்கும் செக்குபந்தி (நான்கு பக்க எல்லை) என்ன என்று எழுதிக்கொண்டே போவார்கள். அதற்கு நடுவிலேயே பொதுக்கிணறு, பொதுச்சுவர், வண்டிப்பாதை என்று பிரிக்காமல் விட்டவையும் வரும். கிணற்றில் யார் எந்த முறையில் தண்ணீர் இறைப்பது என்பதுகூட இருக்கும். இதை வெறும் ‘பிரிவினைப் பத்திரம்’ என்று எழுதினால் பங்கு என்ற உயிர்நாடியே போய்விடும். ‘பாகம்’ வடசொல்தான். தனித்தமிழ் வேண்டுவோர் பங்குப்பிரிப்பு என்று தாராளமாக எழுதலாம்.

நாட்டு விஷயத்தில் 1905 வங்கப் பிரிவினை, 1947 இந்தியப் பிரிவினை என்றே எழுதிப் பழகிவிட்டோம். அதுவே சரி என்பேன். எல்லைக்கோடு மக்களைப் பிரித்ததுதான் அங்கே முதன்மை. ஆனாலும் 1947இல் பாகப்பிரிவினையும் நடந்தது என்பதை மறக்கக் கூடாது. ராணுவம், ரயில்வே, கருவூலம் எல்லாவற்றையும் பங்கு போட்டார்கள். ரொக்கத்தில் பாகிஸ்தானுக்கு 75 கோடி ரூபாய் என்று முடிவாகி, 20 கோடி போக மீதி 55 கோடியை இந்தியா நிறுத்திவைத்தது. காந்தியின் உண்ணாவிரதத்தின்போது, 1948 ஜனவரியில்தான் அதைக் கொடுக்கச் சம்மதித்தது.

ஹார்ட் டிஸ்க்கில் செய்யும் பார்ட்டிஷனைச் சிலர் ‘பகிர்வு’ என்கிறார்கள். அது ஷேர் செய்வதற்கு நிலைத்துவிட்ட சொல், குழப்பம்தான் வரும். அங்கே ‘பகுப்பு’ போதும்.