சந்தில் பாடும், கடற்கரையில் விக்கும்

என்னிடம் ஒரு பழைய வயர் ஹெட்போன் இருக்கிறது. காதை முழுக்க மூடும் வகை. பஞ்சு கிழிந்து இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, சத்தம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. புதுப் போனில் அதைச் செருக ஓட்டையே இல்லை. அதனால் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜாரில் தீப்பெட்டி அளவில் ஒரு ப்ளூடூத் ரிசீவர் வாங்கினேன். போன் காற்றில் அனுப்பும் பாட்டைப் பிடித்து ஹெட்போன் வயருக்குக் கொடுக்கும் பெட்டி அது. "எதுக்குண்ணா, போனுக்கா டிவிக்கா?" என்று கடைக்காரர் முதலிலேயே கேட்டார். அந்தக் கேள்வியின் அருமை அப்போது தெரியவில்லை.

ஒரு வாரம் பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளிலும், எம்.சி. ரோட்டின் துணிக்கடைக் கூட்டத்திலும் போட்டுக்கொண்டு நடந்தேன். பாட்டு ஒரு இடத்திலும் அறுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருவொற்றியூர் பக்கம், எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிக் கருங்கல் கொட்டியிருக்கும் கடலோரத்தில் நடந்தபோதுதான் பாட்டு விட்டு விட்டு விக்க ஆரம்பித்தது. பக்கத்தில் ஆள் இல்லை, வைஃபை இல்லை, சுவர் இல்லை. கூட்டத்தில் ஒழுங்காகப் பாடியது வெட்டவெளியில் ஏன் விக்க வேண்டும்? அதைவிட வேடிக்கை, சாலையோரம் வரிசையில் நின்ற கன்டெய்னர் லாரிகளை ஒட்டி நடந்தபோது விக்கல் நின்றுவிட்டது. லாரிகளைத் தாண்டியதும் மறுபடி வந்தது.

முதலில் கூட்டத்தின் கதையைப் பார்ப்போம். ப்ளூடூத் 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 79 அலைவரிசைத் தடங்களை வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று விடப்பட்ட பட்டை இது. வைஃபையும் இங்கேதான் குடியிருக்கிறது, மைக்ரோவேவ் அடுப்பும் இங்கேதான் கசிகிறது. இந்த நெரிசலில் ஒரே தடத்தில் உட்கார்ந்தால் நிச்சயம் யாராவது இடிப்பார்கள். அதனால் போனும் ரிசீவரும் சேர்ந்து தடம் விட்டுத் தடம் தாவிக்கொண்டே இருக்கின்றன, நொடிக்கு 1600 முறை வரை. எந்த வரிசையில் தாவுவது என்பது போனின் முகவரியையும் அதன் கடிகாரத்தையும் வைத்து முடிவாகிறது. பக்கத்தில் நடப்பவரின் போனுக்கு வேறு முகவரி, ஆகவே அவருடைய தாவலும் வேறு. இரண்டும் எப்போதாவது ஒரே தடத்தில் மோதினாலும் அடுத்த கணமே பிரிந்துவிடும். 2003-க்குப் பிறகு வந்த சாதனங்கள், எந்தெந்தத் தடத்தில் வைஃபை குந்தியிருக்கிறது என்று கவனித்து அவற்றை ஒதுக்கிவிட்டே தாவுகின்றன. தாவும் யோசனை பழையது. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் அந்தீலும் 1942-லேயே இப்படி ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். கடலடியில் பாயும் டார்பிடோவை எதிரி குழப்பாமல் இருக்க, பியானோவின் கட்டைகளைப் போல 88 அலைவரிசைகளில் தாவுவது அவர்கள் திட்டம்.

மோதலில் தொலைந்த துண்டுப் பாட்டு என்ன ஆகும்? "வரவில்லை" என்று தெரிந்ததும் போன் அதையே மறுபடி அனுப்பும். அதுவரை பாட்டு நிற்காமல் ஓட, ரிசீவர் கொஞ்சம் சத்தத்தை முன்கூட்டியே பிடித்து வைத்திருக்கிறது. வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மெட்ரோ வாட்டர் லாரி அரை நாள் தாமதமாக வந்தாலும் வீட்டு டிரம்மில் தண்ணீர் இருக்கும்வரை சமையல் நடக்கும். டிரம் வற்றினால்தான் சண்டை. ரிசீவரின் டிரம் மிகச் சின்னது, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பாட்டு பிடித்தால் அதிகம். வீடியோவில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போவதற்கும் இந்த டிரம்தான் பெரிய காரணம். வீடியோ செயலிகள் படத்தையும் அதே அளவு தாமதித்துச் சமாளித்துவிடுகின்றன. கேமில் அது முடியாது. சுட்ட பிறகுதான் சத்தம் வரும்.

சரி, அப்படியானால் கடலோரத்தில் டிரம் ஏன் வற்றியது?

குற்றவாளி நான்தான். போன் பேன்ட்டின் பின் பையில், வலப்பக்கம். ரிசீவர் சட்டையின் முன்னால், இடப்பக்கம். இரண்டுக்கும் இடையில் ஒரு முழு உடம்பு. உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், இந்த அலைவரிசையை நன்றாக விழுங்கும் சரக்கு அது. அலையின் நீளமோ ஏறக்குறைய 12 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. தன்னைவிடப் பெரிய உடம்பைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் அதன் பலம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பத்து மீட்டர் எட்டும் என்று பெட்டியில் எழுதியிருப்பது, நடுவில் ஒன்றும் இல்லாத பத்து மீட்டர்.

உடம்பு அலையை விழுங்குகிறதே என்று உடனே பயப்பட வேண்டாம். இந்த வகைச் சின்னக் கருவிகள் பெரும்பாலும் வெளிவிடுவது 2.5 மில்லிவாட் வரைதான். மைக்ரோவேவ் அடுப்பின் சக்தி இதைவிட லட்சக்கணக்கான மடங்கு.

சந்தில் மட்டும் எப்படி எட்டியது? கேரம் ஆடத் தெரிந்தவருக்கு ஒரு சொல் போதும்: ரீபவுண்ட். நேராக அடிக்க வழியில்லாத காயினை, ஸ்ட்ரைக்கரைப் பக்கக் கட்டையில் மோதவிட்டு அடிக்கிறோமே, அதேதான். என் முதுகுப் பக்கம் கிளம்பிய அலை எதிர்ச் சுவரிலும் இரும்பு ஷட்டரிலும் நிறுத்திய ஆட்டோவிலும் மோதித் திரும்பி, நெஞ்சுப் பக்கத்து ரிசீவரை அடைந்துவிடுகிறது. நான் தொல்லை என்று நினைத்த நெரிசல்தான் வழி போட்டுக்கொடுத்திருக்கிறது. கடலோரத்தில் அலை போனால் போனதுதான், திருப்பி அனுப்ப ஆளில்லை. கன்டெய்னர் லாரி என்பது நாற்பது அடி நீள இரும்புக் கட்டை. அதன் பக்கத்தில் பாட்டு திரும்பி வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ரிசீவருக்குள் நடக்கும் மற்ற வேலைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சி.டி. தரத்தில் பாட்டு நொடிக்குச் சுமார் 1411 கிலோபிட். அதை அப்படியே அனுப்பாமல் போன் சுருக்குகிறது. பாட்டுக்கான வழக்கமான ப்ளூடூத் கருவிகளுக்கெல்லாம் பொதுவான எஸ்.பி.சி. என்ற சுருக்கும் முறையில் வழக்கமாக 328 கிலோபிட் வரை வரும். ரிசீவர் அதை விரித்து, மின்சார அலையாக மாற்றி, குட்டி ஆம்ப்ளிஃபயரில் ஏற்றி வயருக்கு அனுப்புகிறது. பாட்டுக்கு இது தாராளம் என்பது என் காதின் தீர்ப்பு. போன் அழைப்பு வந்தால் கதை வேறு. பாட்டு ஒருவழிப் பாதை, பேச்சுக்கு இருவழி வேண்டும். கருவி வேறு முறைக்கு மாறி, பழைய வகையாக இருந்தால் குரலை நொடிக்கு வெறும் 8000 முறை அளந்து, அந்த மாதிரிகளை மட்டும் அனுப்புகிறது. அந்த எண்ணிக்கையில் பாதிக்கு மேல், அதாவது 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாம் வெட்டு. "இன்னாடா, கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாரி கீது" என்று அம்மா கேட்டதற்கு இதுவே காரணம். 16,000 மாதிரிகள் எடுக்கும் புது வகையில் கிணறு கொஞ்சம் ஆழம் குறையும்.

கடைக்காரர் கேள்விக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் இதே பெட்டியை டிவியில் செருகி, ப்ளூடூத் ஹெட்போனில் கிரிக்கெட் வர்ணனை கேட்க ஒரு மணி நேரம் போராடினார். ரிசீவருக்குச் சத்தத்தை உள்வாங்க மட்டும்தான் தெரியும். டிவியின் சத்தத்தைக் காற்றில் அனுப்ப டிரான்ஸ்மிட்டர் வேண்டும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், சிலவற்றில் ஒரு சுவிட்சைத் தள்ளினால் மாறும், பலவற்றில் மாறாது.

நான் போனைச் சட்டைப் பைக்கு மாற்றிப் பார்த்தேன். விக்கல் சுத்தமாக நின்றது. ஆனால் கருங்கல் மேல் குனியும்போதெல்லாம் போன் கடலுக்குள் போய்விடுமோ என்று கை தானாகப் பையைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் போன் பழையபடி பேன்ட் பையில். ரிசீவரைத்தான் வலப்பக்கம் இடுப்பு பெல்ட்டில், போனுக்கு ஒரு சாண் தள்ளி மாட்டியிருக்கிறேன். ஹெட்போன் வயர் அதுவரை எட்டுகிறது.